20 வயது, இரண்டு ரிக்கெட், ஒரு ஆர்6: ஒன்ராறியோவில் பைக் இன்சூரன்ஸ் எவ்வளவுக்குக் கிடைக்கும்?

ஸ்காபுறோ_பெடியன்

எல்லோருக்கும் வணக்கம். வயது 20. கல்லூரியில் படிக்கிறேன், வார இறுதியில் வேலை. காருக்கு ஜி2 (முழு லைசன்ஸுக்கு முந்திய படி) இருக்கிறது. போன கோடையில் பைக் ஓட்டும் வகுப்புக்குப் போய், பைக்குக்கு அதே படியான எம்2-உம் எடுத்துவிட்டேன். 2017 யமஹா ஆர்6 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். விற்கிறவர் நல்ல மனிதர், விலையும் பரவாயில்லை. சிக்கல் இன்சூரன்ஸ்தான்.

ஒரு கம்பனி வருடத்துக்கு 7,400 டொலர் என்றது. இன்னொன்று 9,000-ஐத் தாண்டியது. மற்ற இடத்தில் "600 சிசி சுப்பர் ஸ்போர்ட்டா? 25 வயதுக்குக் கீழா? நாங்கள் எடுப்பதில்லை" என்று ஃபோனை வைத்துவிட்டார்கள். பைக்கின் விலையைவிட இன்சூரன்ஸ் கூட!

ரிக்கெட் (போக்குவரத்துத் தண்டச் சீட்டு) இரண்டு. ஒன்று ஸ்டொப் சைனில் முழுதாக நிற்காமல் போனது. அது போன வருடம், இணையத்தில் காசைக் கட்டி முடித்துவிட்டேன். மற்றது போன கிழமை, 50 கிலோமீட்டர் வேக வலயத்தில் 80. இன்னும் கட்டவில்லை. இரண்டுமே காரில் வாங்கியவை.

காரில் வாங்கிய ரிக்கெட்டை பைக் இன்சூரன்ஸுக்கு ஏன் பார்க்கிறார்கள்? இரண்டாவதையும் கட்டி முடித்துவிட்டால் விலை இறங்குமா? அப்பாவின் பெயரில் பைக்கை எடுத்து, என்னை இரண்டாவது ஓட்டுநராகப் போட்டால் என்ன? அப்பா கனடா வந்து இத்தனை வருடத்தில் ஒரு ரிக்கெட் வாங்கியதில்லை.

இரண்டாம்_கியர்

அப்பாவிடம் எம் லைசன்ஸ் இருக்கிறதா?

ஸ்காபுறோ_பெடியன்

இல்லை :)

இரண்டாம்_கியர்

அப்போ பைக்கே ஓடத் தெரியாத மனிதர்தான் பைக்கின் முதல் ஓட்டுநர் என்று எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள். வடிவாக இருக்கிறது.

பகிடி ஒரு பக்கம். அந்த இரண்டாவது ரிக்கெட்டை இன்றைக்குக் கட்டிவிடாதீர்கள். கோர்ட்டுக்காரன் இந்தப் பக்கம் வருவார், அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கோர்ட்டுக்காரன்

வந்துவிட்டேன். நான் பாராலீகல், போக்குவரத்து வழக்குகள்தான் என் சோறு. ஆனால் இங்கே பொதுவாகத்தான் கதைக்கிறேன். உங்கள் தாளைப் பார்க்காமல் உங்கள் வழக்கைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன்.

முதலில், காசு கட்டுவது என்றால் "நான் குற்றவாளி" என்று ஒப்புக்கொள்வது. நிறையப் பேர் அதைப் பார்க்கிங் ரிக்கெட் மாதிரி நினைக்கிறார்கள். கட்டிய அன்றைக்கே அது உங்கள் லைசன்ஸ் பதிவில் கொன்விக்ஷனாக (குற்றத் தீர்ப்பாக) ஏறிவிடும். ரிக்கெட் கையில் கிடைத்து 15 நாளுக்குள் மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்: கட்டுவது, ஏர்லி ரெசொலூஷன் கேட்டு வழக்குத் தொடுநரைச் சந்திப்பது, அல்லது விசாரணைக்குப் போவது. ஒன்றுமே செய்யாமல் இருந்தால் நீங்கள் இல்லாமலே குற்றவாளி என்று பதிந்துவிடுவார்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். 50-இல் 80 என்றால் 30 கூட. ஒன்ராறியோவில் 16 முதல் 29 வரை கூட ஓடினால் 3 டிமெரிட் புள்ளி (ஓட்டுநர் பதிவில் ஏறும் தண்டனைப் புள்ளி), 30 முதல் 49 வரை 4, 50-உம் அதற்கு மேலும் 6. முழு லைசன்ஸ்காரருக்கு 4 புள்ளி என்பது ஒரு தலையிடி, அவ்வளவுதான். நீங்கள் ஜி2, எம்2. புது ஓட்டுநர் 4 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளி உள்ள குற்றத்தில் தீர்ப்பு வாங்கினால் முதல் தடவை 30 நாள் லைசன்ஸ் நிறுத்தம். அடுத்த தடவை 90 நாள். மூன்றாவது தடவை லைசன்ஸையே இரத்துச் செய்து முதல் படியிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். ஒரு கிலோமீட்டர் குறைவாக 79 என்று எழுதியிருந்தால் இந்தக் கதையே வராது.

மார்க்கம்வாசி

தம்பி, பயப்படாதையும். ஏர்லி ரெசொலூஷனில் 15 கூட என்று குறைத்துத் தருவார்கள். 15-க்குப் புள்ளி இல்லை. புள்ளி இல்லாவிட்டால் இன்சூரன்ஸ்காரனுக்குத் தெரியவும் வராது. நான் இப்படி எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

புரோக்கர்_அக்கா

அண்ணை, குறை நினைக்க வேண்டாம், கடைசி வரி சரியில்லை. எங்கள் ஆக்களுக்குள் இந்தக் கதை நெடுநாளாகச் சுற்றுகிறது.

டிமெரிட் புள்ளி போக்குவரத்து அமைச்சின் கணக்கு. லைசன்ஸை எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்க அவர்கள் வைத்திருப்பது. குற்றம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்தில் அழிந்துவிடும். இன்சூரன்ஸ் கம்பனி அதைப் பார்ப்பதில்லை. கம்பனி பார்ப்பது கொன்விக்ஷனை, அதுவும் தீர்ப்பான நாளிலிருந்து மூன்று வருடத்துக்கு. 15 கூட என்று குறைத்தாலும் "வேகம்" என்று ஒரு கொன்விக்ஷன் பதிவில் நிற்கும். புள்ளி பூச்சியம், ஆனால் எங்கள் திரையில் அது சின்னக் குற்றம் ஒன்று.

கம்பனிகள் இவற்றை மூன்று கூடையில் போடும். சின்னது: கொஞ்ச வேகம், ஸ்டொப் சைன், சீற் பெல்ட் போன்றவை. பெரியது: பாடசாலை பஸ்ஸைத் தாண்டுவது மாதிரி. மிகப் பாரதூரமானது: ஸ்டண்ட், குடித்துவிட்டு ஓடுவது, லைசன்ஸ் நிறுத்தத்தில் ஓடுவது. ஒரேயொரு சின்னது இருந்தால் பல கம்பனிகள் பெரிதாக எடுக்காது. இரண்டாவது வரும்போது சலுகை போகும், விலை ஏறும். மூன்றாவதில் பல கம்பனிகள் கதவைச் சாத்தும். பாரதூரமானது ஒன்றே ஒன்று இருந்தாலும் அப்படித்தான்.

காரில் வாங்கியது ஏன் பைக்குக்கு வருகிறது என்று கேட்டீர்கள். உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு லைசன்ஸ், அதில் இரண்டு வகுப்பு எழுதியிருக்கிறது. பதிவும் ஒன்றுதான். மறுபக்கமும் உண்மை: பைக்கில் வாங்கினால் கார் இன்சூரன்ஸும் ஏறும்.

ஸ்காபுறோ_பெடியன்

அக்கா, அப்போ கமரா ரிக்கெட்? வீட்டுக்கு முன்னம் ஒன்று வந்தது.

புரோக்கர்_அக்கா

அது வண்டிச் சொந்தக்காரரின் பெயருக்கு வரும். யார் ஓடியது என்று தெரியாது, அதனால் புள்ளியும் இல்லை, இன்சூரன்ஸுக்கும் வராது. வேகக் கமராக்களை 2025 நவம்பர் 14 முதல் ஒன்ராறியோ முழுக்க நிறுத்திவிட்டார்கள். சிவப்பு விளக்குக் கமரா இன்னும் இருக்கிறது.

பெற்றமனம்

நான் இந்தப் பெடியனின் அம்மா இல்லை, ஆனால் இதே வயதில் எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், அவனும் இதையே கேட்கிறான். எல்லோரும் காசைப் பற்றியே கதைக்கிறீர்கள். இரண்டு ரிக்கெட் வாங்கிய கையோடு ஆர்6 கேட்கிற பிள்ளைக்கு 7,400 கேட்பது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. சொல்லப்போனால் 17,000 கேட்கட்டும்.

ஸ்காபுறோ_பெடியன்

அன்ரி, ஸ்டொப் சைனில் முழுசா நிற்காததும் ரேஸ் ஓடினதும் ஒன்றா? நான் பைக்கில் இதுவரை ஒரு பிழையும் விடவில்லை. ஆர்6-ஐ மெதுவாகவும் ஓட்டலாம் தானே.

பழைய_எம்டி90

ஓட்டலாம். ஆனால் அது மெதுவாக ஓடுவதற்குச் செய்த வண்டி இல்லை தம்பி. 599 சிசி, நூற்றுக்கு மேல் குதிரைவலு, முதல் கியரிலேயே ஹைவே வேகத்தைத் தாண்டும். முன்சில்லைத் தூக்கினால் அதுவும் ஸ்டண்ட் சட்டத்துக்குள்தான் வரும், பந்தயம் ஓட வேண்டும் என்றில்லை. 80-க்குக் கீழான வலயத்தில் 40 கூட ஓடினாலும் ஸ்டண்ட். 80-உம் மேலும் உள்ள ரோட்டில் 50 கூட. ரோட்டோரத்திலேயே 30 நாள் லைசன்ஸ் போகும், பைக்கை 14 நாள் இழுத்துக்கொண்டு போய் வைப்பார்கள். கோர்ட்டில் தீர்ந்தால் 2,000 முதல் 10,000 டொலர் வரை தண்டம், அதோடு முதல் தடவைக்கே ஒன்று முதல் மூன்று வருடம் வரை லைசன்ஸ் நிறுத்தம்.

நான் யாழ்ப்பாணத்தில் எம்டி 90 பைக் ஓடிய ஆள். பொருளாதாரத் தடைக் காலத்தில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை. இன்சூரன்ஸ் என்ற சொல்லையே அப்போது கேள்விப்படவில்லை. இங்கே வந்து பிள்ளைகள் வளர்ந்த பிறகு றோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 எடுத்தேன், சென்னையில் செய்தது. புரோக்கரே ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக வந்தது. வயது ஒரு காரணம், சரி. ஆனால் அதே புரோக்கர் என் மருமகனுக்கும் (24 வயது, ரிக்கெட் இல்லை) அதே வண்டிக்கு விலை போட்டார். அவனுக்கும் தாங்கக்கூடியதாகத்தான் வந்தது. வண்டியின் சாதி முக்கியம்.

இரண்டாம்_கியர்

இதற்கு நல்ல உதாரணம் ஹொண்டா ரெபெல் 500-உம் சிபிஆர்500ஆர்-உம். இரண்டிலும் இருப்பது அடிப்படையில் ஒரே 471 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சின். ஒன்று குரூசர் உருவம், மற்றது ஸ்போர்ட் உருவம். 22 வயதில் நான் இரண்டுக்கும் விலை கேட்டேன், ஒரே கம்பனியில், ஒரே நாளில். வித்தியாசம் ஆயிரம் டொலருக்கு மேல். பைக்கின் பிளாஸ்டிக் உடுப்புக்குத்தான் அந்த ஆயிரம் என்று அப்போது எரிச்சலாக இருந்தது.

புரோக்கர்_அக்கா

உடுப்புக்கு இல்லை, அந்த உடுப்பை யார் வாங்குகிறார்கள் என்பதற்கு. கம்பனிக்கு உங்களைத் தெரியாது. உங்கள் வயதில், உங்கள் அஞ்சல் குறியீட்டில், அந்த வகை வண்டி வாங்கிய ஆக்களின் கணக்குத்தான் தெரியும்.

பெடியனுக்கு ஒரு கேள்வி. அந்த 7,400-க்குள் என்னென்ன இருந்தது? கொலிஷன் (மோதலில் உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்கான காப்பு) சேர்த்தா?

ஸ்காபுறோ_பெடியன்

ஆம். எல்லாம் சேர்த்து. கொலிஷன் இல்லாமல் எவ்வளவு என்று கேட்டதற்கு 5,700 சொன்னார்கள். ஓட்டை வண்டிக்கு எதற்கு ஃபுல் கவரேஜ் என்று எல்லாரும் சொல்வார்கள். அதை எடுத்துவிட்டும் ஏன் இவ்வளவு?

புரோக்கர்_அக்கா

இதைத்தான் சொல்ல வந்தேன், கொஞ்சம் நீளமாகும்.

எங்கள் சனத்துக்கு இன்சூரன்ஸ் என்றால் வண்டிக்கு வரும் சேதம்தான் மனதில் இருக்கிறது. பைக்கில் பெரிய காசு அதில் இல்லை. ஒன்ராறியோவில் விபத்து யாருடைய பிழையாக இருந்தாலும், காயப்பட்டவரின் சிகிச்சை, பராமரிப்பு, வருமான இழப்பு எல்லாவற்றையும் முதலில் அவரவர் சொந்தக் கம்பனி கொடுக்க வேண்டும். அக்சிடென்ற் பெனிஃபிற்ஸ் என்று பொலிசியில் இருப்பது அதுதான். காரில் இருப்பவரைச் சுற்றி இரும்பும் காற்றுப் பையும் இருக்கிறது. பைக்கில் இருப்பவர் விழுந்தால் காலோ முதுகோ தலையோதான். சிகிச்சையும் மறுவாழ்வும் மாதக்கணக்கில் போகும். 3,000 டொலர் பைக்குக்கும் 15,000 டொலர் பைக்குக்கும் இந்தப் பகுதி பெரிதாக மாறாது, ஓடுபவரின் எலும்பு ஒன்றுதானே. அதனால்தான் கொலிஷனை எடுத்த பிறகும் 5,700 நிற்கிறது.

அடுத்தது பொறுப்புக் காப்புறுதி. சட்டப்படி ஆகக் குறைந்தது 200,000 டொலர். அதோடு நிற்காதீர்கள். ஒரு மில்லியனுக்கு ஏற்றினால் கூடுகிற காசு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு, இரண்டு மில்லியனுக்கும் அப்படியே.

2026 ஜூலை 1 முதல் ஒரு மாற்றம். சிகிச்சை, மறுவாழ்வு, பராமரிப்பு மூன்றும் கட்டாயமாக இருக்கும். வருமான இழப்பு உட்பட மற்றவற்றை வேண்டாம் என்று விடலாம். விலை குறைக்கிறோம் என்று யாராவது அதை வெட்டித் தந்தால், வேலைக்குப் போகிற பைக்காரர் கையெழுத்து வைக்க முன் இரண்டு தரம் வாசியுங்கள். காரில் அதை விடலாமா என்று நான் வாதாடுவேன். பைக்கில் வாதாடவே மாட்டேன்.

கடனுக்குப் புது பைக் எடுத்தால் கொலிஷனை எடுத்துவிடவும் முடியாது, கடன் கொடுத்தவன் விடமாட்டான். காசு கொடுத்துப் பழையது வாங்குகிறவனுக்குத்தான் அந்தச் சுதந்திரம்.

மார்க்கம்வாசி

எல்லாம் சரி அக்கா. இருந்தாலும் ஒரே பெடியன், ஒரே பைக். ஒருத்தன் 7,400, ஒருத்தன் 9,000. இது கொள்ளை இல்லாமல் என்ன?

புரோக்கர்_அக்கா

ஒவ்வொரு கம்பனியும் தன் விலைக் கணக்கை எஃப்எஸ்ஆர்ஏ-யிடம் (ஒன்ராறியோவில் இன்சூரன்ஸைக் கண்காணிக்கும் அமைப்பு) கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். நினைத்த விலையைச் சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் கணக்கு மாதிரி மற்றவர் கணக்கு இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பைக்கே வேண்டாம் என்று நினைக்கிற கம்பனி விலையை உயர்த்தி வைத்திருக்கும். பைக்குக்கென்றே ஆள் வைத்திருக்கிற கம்பனி வேறு மாதிரிப் பார்க்கும். அதனால் ஒரு ஏஜென்ற், இரண்டு புரோக்கர், நேரடியாக விற்கிற கம்பனி ஒன்று என்று கலந்து கேளுங்கள். ஏஜென்றிடம் ஒரு கம்பனிதான் இருக்கும், புரோக்கரிடம் பல. யாருமே எடுக்காவிட்டால் கடைசிக் கதவு ஃபெசிலிற்றி அசோசியேஷன். அங்கே இல்லை என்று சொல்ல மாட்டார்கள், விலை மட்டும் கண்ணைக் கட்டும்.

காசு கட்டத் தவறி பொலிசி இரத்தானால் அதுவும் உங்கள் சரித்திரத்தில் ஏறும். ரிக்கெட் இல்லாத பிள்ளைகள்கூட இதில் மாட்டுகிறார்கள். மாதக் கட்டணம் வங்கியில் திரும்பிப் போகாமல் பாருங்கள்.

ஸ்காபுறோ_பெடியன்

அப்பாவின் பெயர் விஷயம்? அப்பா எம்1 (பைக் லைசன்ஸின் முதல் படி) எழுத ரெடி என்கிறார், சும்மா பெயருக்கு.

புரோக்கர்_அக்கா

பைக்கை அதிகம் ஓடப்போவது யார் என்று விண்ணப்பத்தில் கேட்கிறார்கள். அதற்குப் பொய் சொல்லி வாங்கிய பொலிசி, விபத்து நடக்கும் வரைக்கும்தான் பொலிசி. பிறகு விசாரணைக்காரர் வருவார். பைக் எந்த வீட்டில் நிற்கிறது, யார் வேலைக்குக் கொண்டு போகிறார், இன்ஸ்டகிராமில் யார் படம் போட்டிருக்கிறார் என்று பார்ப்பார். உங்கள் பைக்கின் சேதத்துக்கு ஒரு சதம் வராது. எதிர்ப்பக்கம் அடிபட்டவருக்குக் கம்பனி சட்டப்படியான குறைந்த அளவைக் கொடுக்கும், கொடுத்துவிட்டு அந்தக் காசை அப்பாவிடம் திரும்பக் கேட்கலாம். வீடு அப்பாவின் பெயரில்தானே இருக்கிறது?

விலை குறையும் என்று ஒஷாவாவில் இருக்கும் மாமாவின் முகவரியைப் போடுவதும் இதே வகைதான். கேட்பதற்கு முதலே சொல்லிவிடுகிறேன்.

பெற்றமனம்

நன்றி தங்கச்சி. இந்தப் பதிவை மகனுக்கு அனுப்பிவிட்டேன்.

மொன்றியல்_குளிர்

கியூபெக் பக்கம் எட்டிப் பாருங்கள். இங்கே உடல் காயத்துக்கு அரசே பொறுப்பு. அந்தக் காசை வண்டிப் பதிவுக் கட்டணத்தில் எடுத்துவிடுகிறார்கள். ஸ்போர்ட் பைக் என்றால் "ஆபத்து வகை" என்று தனிப் பட்டியல், பதிவு மட்டுமே ஆயிரம் டொலருக்கு மேல். வயது 20 ஆனாலும் 50 ஆனாலும் பட்டியலில் இருக்கிற பைக் பட்டியலில்தான். ஆர்6 அக்கரைக்குப் போனாலும் மலிவதில்லை.

ஹரோ_மச்சான்

லண்டனில் கதை இன்னும் கடுமை. லைசன்ஸ் எடுத்து முதல் இரண்டு வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் லைசன்ஸ் போய்விடும், திரும்பப் பரீட்சை. வேகத்துக்கு ஆகக் குறைந்தது 3 புள்ளி. அதாவது இரண்டு தரம் பிடிபட்டால் சரி. இன்சூரன்ஸ்காரர் ஐந்து வருடத்துக்குப் பின்னுக்குக் கேட்பார்கள். என் தம்பி இன்னமும் 125 சிசி பைக்கில்தான் போகிறான்.

கோர்ட்டுக்காரன்

பெடியன், நாள் போகிறது. ஏர்லி ரெசொலூஷன் கேட்டீரா?

ஸ்காபுறோ_பெடியன்

கேட்டுவிட்டேன். வீடியோ சந்திப்பு. முடிந்ததும் எழுதுகிறேன்.

ஸ்காபுறோ_பெடியன்

சந்திப்பு முடிந்தது. 30-ஐ 15 கூட என்று குறைத்துத் தருகிறார்களாம், புள்ளி இல்லை. ஒப்புக்கொண்டால் அங்கேயே முடியும். இல்லாவிட்டால் விசாரணை. யோசிக்க நேரம் கேட்டு வந்துவிட்டேன். அப்பா "எடு" என்கிறார். என் நண்பன் "விசாரணைக்குப் போ, பொலிஸ் வராது" என்கிறான்.

கோர்ட்டுக்காரன்

பொலிஸ் வராது என்ற நம்பிக்கையில் யாரும் விசாரணைக்குப் போகாதீர்கள். வருவார்கள். அவர்களுக்கு அது வேலை நேரம். விசாரணை என்றால் முதலில் டிஸ்குளோஷர் (அவர்கள் கையில் இருக்கும் ஆதாரம்) கேளுங்கள், பொலிஸின் குறிப்பையும் ராடர் விபரத்தையும் பாருங்கள். அதில் ஓட்டை இருந்தால் கதைக்கலாம். ஓட்டை இல்லாமல் போய்த் தோற்றால் 30 கூட என்பதற்கே தீர்ப்பு வரும், 4 புள்ளியும் 30 நாள் நிறுத்தமும் சேர்ந்து.

சிலர் இழுத்தடித்தால் நல்லது என்பார்கள். இழுக்க இழுக்கத் தீர்ப்பு நாள் தள்ளிப் போகும். இன்சூரன்ஸின் மூன்று வருடம் அந்த நாளில் இருந்துதான் தொடங்கும் என்று அக்கா மேலே சொன்னதைக் கவனியுங்கள். முதல் ரிக்கெட் மூன்று வருடத்தைத் தாண்டி விழும் வரைக்கும் இழுக்க முடிந்தால் அர்த்தம் இருக்கிறது. உங்களுடையது போன வருடம் தீர்ந்தது. அவ்வளவு தூரம் இழுபடாது.

புரோக்கர்_அக்கா

என் பக்கத்துக் கணக்கு: 15 என்றாலும் 30 என்றாலும் பல கம்பனிகளுக்கு அது ஒரு சின்னக் குற்றம்தான். ஆக இரண்டு சின்னது உங்கள் பதிவில் நிற்கும், அதை மாற்ற முடியாது. ஆனால் லைசன்ஸ் நிறுத்தம் வேறு சாமான். கடந்த வருடங்களில் உங்கள் லைசன்ஸ் நிறுத்தப்பட்டதா என்று விண்ணப்பத்தில் தனிக் கேள்வியே இருக்கிறது. அதற்கு "ஆம்" என்று எழுதுகிற 20 வயதுப் பெடியனுக்கு பைக் விலை எடுக்க நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

மார்க்கம்வாசி

அப்போ நான் சொன்ன 15 தானே கடைசியில் சரி வந்தது!

புரோக்கர்_அக்கா

15 சரி அண்ணை. "தெரியவும் வராது" என்பதுதான் பிழை :)

ஸ்காபுறோ_பெடியன்

எடுத்துவிட்டேன். 15 கூட. தண்டமும் குறைவுதான்.

நேற்று இரண்டு புரோக்கரிடமும் ஒரு நேரடிக் கம்பனியிடமும் திரும்பக் கேட்டேன். இரண்டு கொன்விக்ஷனையும் ஒளிக்காமல் சொன்னேன். கொலிஷன் இல்லை, பொறுப்பு ஒரு மில்லியன், திருட்டுக்கும் தீக்கும் மட்டும் சேர்த்து:

ஆர்6: 6,100. சிபிஆர்500ஆர்: 3,900. நிஞ்சா 400: 3,400. ரெபெல் 500: 2,550. றோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350: 2,200.

வகுப்புச் சான்றிதழைக் காட்டியதும் கொஞ்சம் கழித்தார்கள். வீட்டிலுள்ள காரின் பொலிசி இருக்கும் அதே கம்பனியில் கேட்டபோது இன்னும் கொஞ்சம். அதற்குப் பிறகு வந்த எண்கள்தான் மேலே இருப்பவை. முதல் தடவை நான் சான்றிதழைப் பற்றி வாயே திறக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

ஆர்6 விற்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மனம் கேட்கவில்லைத்தான். ரெபெலா நிஞ்சாவா என்று இன்னும் தெரியவில்லை.

பழைய_எம்டி90

350-ஐப் பட்டியலில் போட்டுவிட்டு இறுதிச் சுற்றில் அதன் பெயரையே எடுக்கவில்லை. சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம்_கியர்

நிஞ்சா 400 எடுத்தால் 850 டொலர் கூட, வருடா வருடம். அந்தக் காசுக்கு நல்ல ஜாக்கெற், கையுறை, சப்பாத்து எல்லாம் வாங்கலாம். ஆனால் ரெபெலில் ஏறி இருந்து பாருங்கள், உயரமான ஆட்களுக்கு முழங்கால் மடிந்து நிற்கும். நான் ஆறடி, எனக்குச் சரிவரவில்லை.

எம்2 எப்போது எடுத்தீர்கள்? சாதாரணமாக எம்2-ஐ 22 மாதம் வைத்திருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற வகுப்புக்குப் போனவர்களுக்கு 18. முழு எம் வந்ததும் திரும்ப விலை கேளுங்கள், சில கம்பனிகள் இறக்கும்.

ஸ்காபுறோ_பெடியன்

ஐந்தடி ஆறு. கால் தரையில் வடிவாக முட்டுகிறது. அப்போ ரெபெல் பக்கம்தான் சாய்கிறேன்.

ஒரு கடைசிக் கேள்வி. நவம்பரில் இருந்து மார்ச் வரை பைக் கராஜில்தான் நிற்கும். ஒக்டோபரில் பொலிசியை நிறுத்தினால் அரைவாசிக் காசு திரும்ப வருமா?

புரோக்கர்_அக்கா

வராது. பைக் பொலிசி பன்னிரண்டு மாதத்துக்கு என்று எழுதியிருந்தாலும், பிரீமியத்தின் பெரும்பகுதி ஓடுகிற காலத்துக்கென்றுதான் கணக்குப் போட்டிருப்பார்கள். ஒக்டோபரில் நிறுத்தினால் கிடைப்பது சில்லறை. அதோடு குளிர்காலத்தில் கராஜை உடைத்துக் கொண்டு போனால் கேட்பாரில்லை. இடைவெளி விட்டால் அடுத்த வசந்தத்தில் "தொடர்ச்சியாகக் காப்புறுதி இருந்ததா" என்று கேட்பார்கள். விட்டுவிடுங்கள், பொலிசி தூங்கட்டும்.

வசந்தம்_வரட்டும்

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு 19, எம்1 இப்போதுதான் எழுதினேன். ரிக்கெட் இல்லை. பைக்கை முதலில் வாங்கிப் பழகலாம் என்று பார்த்தால் விலை கேட்ட ஒருவரும் எம்1-க்குத் தர மாட்டார்களாம். இது எல்லா இடமும் இப்படியா?

இரண்டாம்_கியர்

எம்1-ஐ எடுக்கிற கம்பனிகள் மிகக் குறைவு. எம்1 90 நாள்தான் செல்லுபடி, அதில் 60 நாள் வைத்திருக்க வேண்டும், இரவில் ஓட முடியாது, பின்னுக்கு ஆள் ஏற்ற முடியாது. பைக்கை இப்போது வாங்காதீர்கள். வகுப்புக்கு இடம் பிடியுங்கள், ஹம்பர் பொலிரெக்னிக்கிலும் (முந்தைய ஹம்பர் கல்லூரி) இருக்கிறது. வகுப்பில் அவர்களே பைக் தருவார்கள், கடைசியில் எம்2 பரீட்சையும் அங்கேயே. மே மாத இடங்கள் கெதியாக முடிந்துவிடும், இன்றைக்கே பாருங்கள். மிச்சத்துக்குப் புது இழை ஒன்று திறவுங்கள், இது ஏற்கெனவே நீண்டுவிட்டது.